நாலு வினாடியை லைவில் காட்டுவதா?

இரண்டு வண்டிகள் நேர்கோட்டில் பாய்ந்து சில வினாடியில் முடித்துவிடும் டிராக் ரேஸை (drag race) டிவியில் லைவாகக் காட்ட வேண்டுமா என்பது தலைபோகிற பிரச்சினை இல்லை. நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு யோசிக்க வேண்டிய விஷயமே இல்லை என்றும் சொல்லலாம். இங்கே நானூறு மீட்டர் நேர்சாலை கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் அதன் கடைசியில் ஒரு வளைவோ காட்டெருமையோ நின்றுகொண்டிருக்கும். ஆனால் கோத்தகிரியில் பல வருஷம் கேபிள் டிவி நடத்தியவன் நான். லைவ் என்ற சமாச்சாரத்தைப் பற்றி எனக்குச் சொந்தமாக ஒரு அபிப்பிராயம் உண்டு. எங்கள் கடைக்குக் கீழே டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் தம்பி டிராக் ரேஸ் பைத்தியம். டீ நேரத்தில் நாங்கள் இருவரும் போட்ட சண்டையை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

வேடிக்கை என்னவென்றால், லைவ் வேண்டாம் என்று சொல்பவன் அவன்தான். "நாலு செகண்ட்ல முடியறதுக்கு எதுக்குங்ணா லைவ்? நல்ல நல்ல ரேஸா வெட்டி ஒட்டிப் போட்டாப் போதுங்ணா" என்கிறான். அவன் பார்ப்பதெல்லாம் போனில். கட்டை விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் அரை நிமிஷத் துண்டுகள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வண்டி, இரண்டு தடம், ஒரே நேர்கோடு. பச்சை விளக்கு எரிந்ததும் கிளம்பி எல்லைக் கோட்டை முதலில் தொடுகிறவர் அடுத்த சுற்றுக்குப் போவார், தோற்றவர் மூட்டை கட்ட வேண்டியதுதான். பழைய வழக்கப்படி தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். அமெரிக்காவில் இதை நடத்தும் என்ஹெச்ஆர்ஏ என்ற அமைப்பை வாலி பார்க்ஸ் என்பவர் 1951-இல் தொடங்கினார். அதன் உச்ச வகுப்புக்கு டாப் ஃப்யூயல் என்று பெயர். ஏழரை மீட்டர் நீளத்துக்கு ஒல்லியான வண்டி, பின்னால் 36 அங்குல உயர டயர், 11,000 குதிரைத்திறனுக்கு மேல். ஊற்றுவது பெட்ரோல் இல்லை, நைட்ரோமீத்தேன். நின்ற இடத்திலிருந்து 160 கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஒரு வினாடிகூட ஆகாது. ஓட்டம் முடியும்போது வேகம் மணிக்கு 530 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். அந்த வேகத்தில் பிரேக்கை நம்ப முடியாது, பாராசூட் விரிய வேண்டும்.

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பதற்குக் கணக்கும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை நாக்-அவுட்டில் ஒரு வகுப்புக்கு 16 வண்டிகள். முதல் சுற்றில் எட்டு ஓட்டம், அப்புறம் நாலு, இரண்டு, ஒன்று. மொத்தம் 15. டாப் ஃப்யூயலில் ஓர் ஓட்டம் நாலு வினாடிக்குள் முடிகிறது என்றால், சாம்பியனைத் தீர்மானிக்க ஆகும் மொத்தப் பந்தய நேரம் ஒரு நிமிஷம். ஃபன்னி கார் என்ற வகுப்பும் ஏறக்குறைய அதே கணக்குதான். ப்ரோ ஸ்டாக் என்ற கார் வகுப்பும் பைக் வகுப்பும் ஓட்டத்துக்கு ஆறரை வினாடியை ஒட்டி எடுத்துக்கொள்கின்றன. நாலு வகுப்பையும் கூட்டினால் நாள் முழுக்க ஓடியது ஐந்தரை நிமிஷத்தைத் தாண்டாது. மற்ற நேரமெல்லாம் காத்திருப்பு.

காத்திருப்பிலும் ஒழுங்கு கிடையாது. ஒரு இன்ஜின் வெடித்துத் தடத்தில் எண்ணெய் கொட்டினால் எல்லாம் நிற்கும். எண்ணெயை உறிஞ்ச வேண்டும், தேய்க்க வேண்டும், உலர்த்த வேண்டும், டயர் பிடிக்கும்படி மறுபடி பசை அடிக்க வேண்டும். மழை தூறினால் கேட்கவே வேண்டாம். வழவழப்பான ஸ்லிக் டயரில் ஈரத் தடத்தில் யாரும் ஓட்ட மாட்டார்கள். இரண்டு மணிக்கு இறுதிப் போட்டி என்று விளம்பரம் போட்ட சேனல்காரன் ஆறு மணி வரை என்ன செய்வான்? அமெரிக்க சேனல்களே நீண்ட காலம் இதைப் பதிவு செய்து, வெட்டி, சில மணி நேரம் கழித்து, பல சமயம் நடுராத்திரியில்தான் காட்டிக்கொண்டிருந்தன. 2016-இல் உரிமை ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸுக்குப் போன பிறகுதான் பல பந்தயங்களின் ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுகளை லைவாகப் பார்க்க வழி வந்தது.

மழைக்கு லைவைக் கண்டால் ஆகாது என்பதற்கு வேறொரு பந்தயத்திலிருந்து உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 கார் பந்தயத்தைப் பல வருஷம் அதே நாள் இரவில் வெட்டித்தான் காட்டினார்கள். 1986-இல்தான் முதல் தடவை முழுப் பந்தயமும் லைவ் என்று ஏபிசி சேனல் அறிவித்தது. ஞாயிறு மழை. திங்கள் மழை. கடைசியில் பந்தயம் நடந்தது அடுத்த சனிக்கிழமை. சேனல்காரர்கள் தலையில் கை வைத்திருப்பார்கள்.

அதற்கு ஏழு வருஷம் முன்னால் 1979 பிப்ரவரியில் டேடோனா 500 என்ற ஸ்டாக் கார் பந்தயத்தை சிபிஎஸ் சேனல் ஆரம்பம் முதல் கடைசி வரை லைவாகக் காட்டியது. அன்றைக்கு அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கடும் பனிப்புயல், ஜனம் வெளியே போக முடியாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. கடைசிச் சுற்றில் முதல் இரண்டு இடத்தில் இருந்த டானி ஆலிசனும் கேல் யார்பரோவும் மோதிக்கொள்ள, பின்னால் வந்த ரிச்சர்ட் பெட்டி ஜெயித்துவிட்டார். மோதியவர்கள் வண்டியை விட்டு இறங்கி அடிதடியில் இறங்கினார்கள், ஆலிசனின் அண்ணனும் சேர்ந்துகொண்டார். ஸ்டாக் கார் பந்தயம் அமெரிக்கா முழுக்கப் பேசப்பட அந்த நாள் பெரிய காரணம் என்பார்கள். வெட்டிக் காட்டியிருந்தாலும் அந்தச் சண்டை இடம்பெற்றிருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அதைப் பார்த்தவர்களுக்கு 'அடுத்து என்ன ஆகப்போகிறதோ' என்ற பதைப்பு இருந்திருக்காது.

கேபிள்காரனாக எனக்கு அந்தப் பதைப்பு நன்றாகத் தெரியும். அது போன் வழியாக வரும். கிரிக்கெட் லைவாக ஓடும்போது ஒரு ஆம்ப்ளிஃபயர் போய்விட்டால் அடுத்த நிமிஷம் முழு லைனும் என்னைத் திட்டும். குரங்கு ஒயரைப் பிடித்துத் தொங்கி அறுத்துவிட்டது என்று சொன்னால் யாருக்கும் அக்கறை இல்லை. "அதெல்லாம் தெரியாதுங்க, இன்னும் ரெண்டு ஓவர் இருக்கு" என்பார்கள். அதே மேட்சை மறுநாள் காலையில் திருப்பிப் போடும்போது அரை மணி நேரம் படம் வராவிட்டாலும் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். ஆட்டம் அதேதான், சிக்ஸரும் அதேதான். முடிவு தெரிந்துவிட்ட ஆட்டத்துக்காக யாரும் கேபிள்காரனிடம் சண்டைக்கு வருவதில்லை.

லோக்கல் சேனலில் நாங்களே லைவ் போட்டதும் உண்டு. கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, காந்தி மைதானத்தில் நடக்கும் ஃபுட்பால். நீலகிரியில் ஃபுட்பாலுக்கு இருக்கும் மவுசு வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஒரு தடவை ஆட்டத்தின் நடுவில் மஞ்சு இறங்கி மைதானத்தை மூடிவிட்டது. கேமராவில் வெள்ளை மட்டும்தான். கோல்கீப்பர்கூடத் தெரியவில்லை. ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்திவிட்டார். நான் பாட்டு போடலாம் என்று கேசட்டைத் தேடினேன். வர்ணனைக்கு உட்கார்ந்திருந்த பி.டி. வாத்தியார் விடவில்லை. இந்த டீமின் லெஃப்ட் பேக் காலையில் தேயிலை ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்திருக்கிறான், அந்த டீமின் கோல்கீப்பருடைய அப்பாவும் இதே மைதானத்தில் கோல்கீப்பராக நின்றவர், அந்த பூட்ஸ் யாருடையது, யார் யாரிடம் கடன் வாங்கிப் போட்டிருக்கிறான் என்று பேசிக்கொண்டே போனார். மஞ்சு விலகியபோது தெருவில் பாதிப் பேர் டீமை மாற்றிவிட்டார்கள். அந்த மேட்ச் எத்தனைக்கு எத்தனை என்று இன்றைக்கு எனக்கு ஞாபகம் இல்லை. பூட்ஸ் கதை ஞாபகம் இருக்கிறது.

டிராக் ரேஸில் அந்த மாதிரிக் கதைக்குப் பஞ்சமே இல்லை. ஓட்டம் முடிந்து வண்டியை இழுத்துக்கொண்டு வந்ததும் பிட்டில், அதாவது வண்டியைப் பழுதுபார்க்கும் இடத்தில், என்ன நடக்கிறது என்று பாருங்கள். நாலு வினாடி ஓடிய இன்ஜினை ஏழெட்டுப் பேர் சேர்ந்து பிரித்துப் போடுகிறார்கள். ஹெட் கழலும், பிஸ்டன் வெளியே வரும், கனெக்டிங் ராடு, பேரிங், கிளட்ச் தட்டு எல்லாம் மாறும். ஒவ்வொரு பேரிங்கையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எங்கே தேய்ந்திருக்கிறது என்று படிக்கிறார்கள். ஒரு மணி நேரம் முன்பின் ஆவதற்குள் எல்லாம் திரும்ப மாட்டி, இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்து, அடுத்த சுற்றுக்குத் தயாராக வேண்டும். கீழே இருக்கிற ஒர்க்‌ஷாப்பில் ஒரு பைக்கின் ஹெட்டைக் கழற்றினால் 'ரெண்டு நாள் கழிச்சு வாங்க' என்பார்கள். இதைச் சொன்னபோதுதான் தம்பி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். அவன் தினமும் பார்க்கும் துண்டுகளில் இந்த ஒரு மணி நேரம் வந்ததே இல்லை.

கிளம்புகிற இடமும் அப்படித்தான். தண்ணீர் தெளித்த இடத்தில் டயரைச் சுழலவிட்டுப் புகை கிளப்புவது படத்துக்காக என்று பலர் நினைக்கிறார்கள். டயர் சூடேறி ஒட்ட வேண்டும், அதற்காகத்தான். அப்புறம் வண்டி அங்குலம் அங்குலமாக முன்னால் வரும். தரையோடு ஓர் ஒளிக்கற்றை, அதை முன்சக்கரம் மறைத்தால் எதிரே நிற்கும் விளக்குக் கம்பத்தின் மேலே ஒரு சின்ன விளக்கு எரியும். இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் இரண்டாவது விளக்கு. இரண்டு பேருக்கும் இரண்டும் எரிந்தால்தான் ஆட்டம் தொடங்கும். கடைசி விளக்கை யார் முதலில் எரியவைப்பது என்பதிலேயே ஒரு மனப்போர் நடக்கும். மஞ்சள் விளக்குகள் மூன்றும் ஒரே சமயத்தில் எரியும், 0.4 வினாடி கழித்துப் பச்சை. முந்திக் கிளம்பினால் சிவப்பு, கதை முடிந்தது. இந்த விளக்குக் கம்பத்துக்குக் கிறிஸ்துமஸ் மரம் என்று பெயர். 1963-இல் வந்தது. அதற்கு முன் ஒரு ஆள் நடுவில் நின்று கொடியைத் தூக்குவார்.

இதில் பலருக்குப் பிடிபடாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஓட்ட நேரம் பச்சை விளக்கில் இருந்து எண்ணப்படுவதில்லை, வண்டி நகர்ந்த கணத்தில் இருந்துதான் எண்ணப்படுகிறது. ஒருவர் விளக்கைப் பார்த்துக் கிளம்ப 0.10 வினாடி எடுத்துக்கொண்டு 3.80-இல் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துத் தடத்தில் இருப்பவர் 0.05-இல் கிளம்பி 3.82-இல் ஓடுகிறார். கூட்டினால் முதலாமவருக்கு 3.90, இரண்டாமவருக்கு 3.87. மெதுவான வண்டி ஜெயித்துவிட்டது! வண்டியைக் கட்டிய மெக்கானிக்குகள் ஜெயித்தும் ஓட்டுநர் தோற்றுவிட்டார் என்று அர்த்தம். பிட்டில் அன்றைக்கு யார் முகத்தை யார் பார்ப்பார்கள்? வெட்டிய துண்டில் இதையெல்லாம் எங்கே பார்ப்பது? இரண்டு வண்டி போகும், ஒன்றின் பக்கம் விளக்கு எரியும், அடுத்த வீடியோ வந்துவிடும்.

நாலு வினாடிக்கு யார் உட்காருவார் என்று கேட்பவர்கள் ஊட்டியில் கோடை சீசனில் குதிரைப் பந்தயம் நடந்த நாட்களை நினைத்துப் பார்க்கலாம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே மைதானம். அந்த நிலத்தை 2024-இல் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. பந்தயம் ஒன்று, ஒன்றரை நிமிஷம் நடக்கும். அடுத்ததற்கு அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தில் யாரும் கொட்டாவி விட்டதாக எனக்குத் தெரியவில்லை. குதிரையை நடத்திக் காட்டும் இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எது வாலை ஆட்டுகிறது, எது வியர்த்திருக்கிறது என்று பெரிய கால்நடை டாக்டர் மாதிரி ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பணம் வைத்திருந்தார்கள் என்பது வேறு விஷயம். பணம் வைக்காத சுற்றுலாக்காரர்களும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

மலைக்கும் டிராக் ரேஸுக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கொலராடோவில் பேண்டிமேர் ஸ்பீட்வே என்று ஒரு தடம் 2023 வரை இருந்தது. கடல் மட்டத்திலிருந்து 5,800 அடி, ஏறக்குறைய எங்கள் கோத்தகிரி உயரம். அங்கே காற்று மெலிவு, இன்ஜின் மூச்சு வாங்கும், சமவெளியில் எடுத்த நேரத்தை எடுக்க முடியாது. காற்றை இன்ஜினுக்குள் திணிக்கும் சூப்பர்சார்ஜரை வேகமாகச் சுற்றவைத்துச் சமாளிப்பார்கள். இந்தப் பாடத்தை எங்கள் ஊர் மெக்கானிக்குகள் யாரும் அமெரிக்காவில் படிக்கவில்லை. மேட்டுப்பாளையத்தில் பறந்த பழைய கார்புரேட்டர் வண்டி மலையேறி குஞ்சப்பனை தாண்டியதும் முக்க ஆரம்பிக்கும், பிளக்கைக் கழற்றினால் கரியாக இருக்கும். பெட்ரோல் அதே அளவு வருகிறது, காற்று குறைந்துவிட்டது. ஏர் ஸ்க்ரூவைத் திருப்பி, தேவைப்பட்டால் பெட்ரோல் வரும் ஜெட்டைச் சின்னத் துளை உள்ளதாக மாற்றிப் போட்டு அனுப்புவார்கள். லைவில் வர்ணனையாளர் இதை ஐந்து நிமிஷம் விளக்கினால், தமிழ்நாட்டில் எந்த மலையூர் மெக்கானிக்கும் டிவியை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

அந்த பேண்டிமேரில்தான் 2008 ஜூலையில் முதல் தடவையாக தூரத்தைக் குறைத்து ஓட்டினார்கள். காரணம் துக்கமானது. அதற்கு முந்தைய மாதம் நியூஜெர்சியின் எங்லிஷ்டவுன் தடத்தில், தகுதிச் சுற்றில், ஸ்காட் கலிட்டாவின் ஃபன்னி கார் இன்ஜின் வெடித்தது. வண்டி வேகம் குறையாமல் தடத்தின் கடைசியையும் தாண்டிப் போய் மோதி, அவர் இறந்துவிட்டார். நிறுத்துவதற்கு இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும் என்று டாப் ஃப்யூயலுக்கும் ஃபன்னி காருக்கும் கால் மைலை 1,000 அடியாக, அதாவது 305 மீட்டராக ஆக்கினார்கள். இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

லைவ் வேண்டாம் என்பவர்களின் வலுவான வாதமும் இங்கேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கும்போது ஒரு மனிதன் சாவதைக் காட்டலாமா? 1994-இல் ஃபார்முலா 1 ஓட்டுநர் அயர்டன் சென்னாவின் உயிரைப் பறித்த மோதலையும் 2001-இல் ஸ்டாக் கார் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட்டின் உயிரைப் பறித்த மோதலையும் உலகம் லைவில் பார்த்தது. சில வினாடி தாமதம் வைத்து ஒளிபரப்பினால் போதாதா என்று கேட்கலாம். டிராக் ரேஸில் அது வினோதமாகிவிடும். ஏழு வினாடி தாமதம் என்றால், நாம் பச்சை விளக்கைப் பார்க்கும்போதே கன்ட்ரோல் ரூமில் இருப்பவருக்கு யார் ஜெயித்தார் என்று தெரிந்திருக்கும். பந்தயத்தைவிடத் தாமதம் நீளம். வேண்டுமானால் ஒரு முழு ஓட்டத்தையே நடக்காத மாதிரி விழுங்கிவிடலாம். எனக்கு அதுவும் சரியாகப் படவில்லை.

நேரடியாக நடப்பதை விட மறு ஒளிபரப்பில்தான் கண்ணியம் கெடுகிறது என்று நினைக்கிறேன். 2020-இல் பஹ்ரைனில் ரொமேன் குரோஷானின் ஃபார்முலா 1 கார் இரண்டாகப் பிளந்து தீப்பற்றியது. அவர் உயிரோடு வெளியே வந்துவிட்டார் என்று உறுதியாகும் வரை ஒளிபரப்பாளர்கள் அதைத் திருப்பிக் காட்டவில்லை. அது சரியான வேலை. அதன் பிறகு ஓயாமல் அதையே போட்டுக்கொண்டிருந்ததற்கு சக ஓட்டுநர் டேனியல் ரிக்கார்டோ கொதித்துப் பேசினார், அதுவும் சரி. கேமரா ஓட்டுநரின் மனைவி முகத்துக்குப் போகக் கூடாது. என்ன ஆனது என்று தெரியாதபோது வர்ணனையாளர் 'இன்னும் தெரியவில்லை' என்று மட்டும் சொல்ல வேண்டும். டூத் பேஸ்ட் விளம்பரத்துக்குத் தாவக் கூடாது. இவ்வளவு செய்தால் லைவுக்கு நான் பயப்பட மாட்டேன்.

எனக்குப் பயமெல்லாம் துண்டு வீடியோக்களிடம்தான்.

போன மழைக்காலத்தில் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு பைக்கை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். முன் ஃபோர்க் உள்பக்கம் மடங்கி டயர் இன்ஜினில் இடித்துக்கொண்டிருந்தது. டேங்க் நசுங்கி பெட்ரோல் வாடை. பின்னால் நம்பர் பிளேட்டை யாரோ கையாலேயே மேலே மடித்துவிட்டிருந்தார்கள், விபத்தில் மடங்கியது இல்லை. ஹேண்டில்பாரில் போன் மாட்டும் ஸ்டாண்டுக்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. ஓட்டிய பையன் கோயம்புத்தூரில் காலில் கம்பி வைத்துப் படுத்திருந்தான். பக்கத்தில் ஓடிய இன்னொரு வண்டி நிற்கவே இல்லையாம். தம்பி அந்த ஸ்டாண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் ஃபோர்க்கைக் கழற்ற ஆரம்பித்தான்.

'டிவியில் ரேஸ் காட்டினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்' என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். நம் பிள்ளைகள் யாரும் டிவியில் ரேஸ் பார்த்து ரோட்டுக்குப் போகவில்லை, டிவியே பார்ப்பதில்லை. மெரினாவில் நள்ளிரவு ரேஸ் விடுபவனும், கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவையும் நிமிஷக் கணக்குப் பார்த்து இறங்க நினைப்பவனும் பார்த்தது இருபது வினாடி வீடியோ. புகை, சத்தம், பாய்ச்சல், வெற்றி. கல்லட்டியில் நடந்த விபத்துகளால் வெளியூர் வண்டிகளை ஊட்டியில் இருந்து அந்த வழியே கீழே இறங்க விடுவதில்லை. அங்கே நிற்கும் போலீஸ்காரரால் யாருடைய போனையும் நிறுத்த முடியாது.

அந்த இருபது வினாடியில் வெட்டிப் போட்டதெல்லாம் என்ன? வண்டியைத் தலைகீழாக ஆராயும் பரிசோதகர். தீப்பிடிக்காத உடுப்பு, கழுத்தைப் பிடிக்கும் கவசம். தடத்தின் ஓரத்தில் இன்ஜினை அணைக்காமல் நிற்கும் தீயணைப்பு வண்டி. எல்லைக் கோட்டுக்கு அப்பால் வேகம் குறைக்கவென்றே விட்டிருக்கும் நீளமான இடம், அதன் கடைசியில் மணல், அதற்கும் பின்னால் வலை. ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் துடைக்கும் ஆட்கள். சலிப்பு என்று சேனல்காரன் வெட்டுவதெல்லாம் ஓட்டுநரை உயிரோடு வைத்திருக்கும் வேலை. அதையெல்லாம் வெட்டிய பிறகு மீதி இருப்பது எங்கள் ரோட்டில் நடப்பது மாதிரிதான் இருக்கும். அதனால்தான் லைவ் கேட்கிறேன், ஞாயிற்றுக்கிழமையின் ஆறு மணி நேரக் காத்திருப்பையும் சேர்த்துக் கேட்கிறேன். நாற்பது நிமிஷம் எண்ணெய் துடைப்பதை உட்கார்ந்து பார்த்த பையனுக்கு ஈரமான தேயிலைத் தோட்டத்து ரோட்டில் த்ராட்டிலை முறுக்கும்போது அது ஞாபகம் வராமல் போகாது. வருமா என்று தம்பி கேட்டான். பத்தில் இரண்டு பேருக்கு வந்தாலும் லாபம்தான்.

எல்லாவற்றையும் லைவாகப் போடு என்று நான் சொல்லவில்லை. வெள்ளி, சனிக்கிழமைத் தகுதிச் சுற்றுகளை அரை மணி நேரமாகச் சுருக்கிக் கொடுத்தால் போதும். வண்டி தனியாகவோ ஜோடியாகவோ வந்து நேரம் போட்டுவிட்டுப் போகிறது, அங்கே தோல்வி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை முழுசாக வேண்டும். அமெரிக்க ஞாயிறு நமக்கு ராத்திரி எட்டரைக்கு மேல் ஆரம்பித்து விடியற்காலை வரை போகும் என்பது தொல்லைதான். இன்னொன்று சத்தம். நைட்ரோ இன்ஜின் சத்தத்தை எந்த மைக்கும் தாங்காது, டிவி ஸ்பீக்கரில் அது பட்டாசுத் திரி எரிகிற மாதிரி வரும். நேரில் நின்றவர்கள் நெஞ்செலும்பு அதிர்ந்தது என்கிறார்கள். இதை டிவியால் கொடுக்க முடியாது, விட்டுவிடலாம்.

நம் பக்கத்துக்கு வருவோம். அமெரிக்காவில் டிராக் ரேஸ் வளர்ந்தது விமான ஓடுதளங்களில். 1950-இல் சாண்டா ஆனா விமான நிலையத்தில் காசு வாங்கிக்கொண்டு நடத்தினார்கள். நமக்கும் சென்னைக்குப் பக்கத்தில் சோழவரம் இருந்தது, இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம். 1980-கள் வரை மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. குன்னூர்ப் பெரியவர்கள் சிலர் ராத்திரி ரயில் ஏறிப் போய் வெயிலில் நின்று பார்த்துவிட்டு வந்த கதையை இன்றும் சொல்வார்கள். 1990-இலிருந்து சென்னைக்குப் பக்கத்திலேயே இருங்காட்டுக்கோட்டைத் தடம். தேசிய டிராக் ரேஸ் போட்டியும் அங்கே நடக்கிறது. கம்பெனி பைக்கைப் பிரித்துக் கட்டிக்கொண்டு வரும் பையன்களும் அதில் ஓட்டுகிறார்கள். மலையை விட்டுக் கீழே இறங்கினால் கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற தடம் வேறு இருக்கிறது. ஃபார்முலா 1 ஓட்டிய நரேன் கார்த்திகேயன் ஊர் கோயம்புத்தூர். இதையெல்லாம் லைவாகக் காட்டக் கோடி ரூபாய் தேவையில்லை.

கேபிள்காரன் கணக்குச் சொல்கிறேன். கிளம்பும் இடத்தில் இரண்டு கேமரா, ஒன்று விளக்குக் கம்பத்தையும் இரண்டு ஓட்டுநர்களின் ஹெல்மெட்டையும் சேர்த்துப் பார்க்கும்படி. எல்லைக் கோட்டில் ஒன்று. வண்டி நிற்கிற இடத்தில் ஒன்று, அது மிக முக்கியம், எல்லாரும் மறப்பது அதைத்தான். பிட்டில் தோளில் சுமந்துகொண்டு அலைய ஒன்று. டைமிங் கம்ப்யூட்டரில் இருந்து ஒரு ஒயர் இழுத்தால் எண்கள் திரையில் வந்துவிடும். ஒரு ஸ்விட்ச்சர், ஒரு ஜெனரேட்டர், நல்ல நெட். வர்ணனைக்கு முன்னாள் ரேஸர் ஒருவரும், பெரிய மெக்கானிக் ஒருவரும் போதும். கிரிக்கெட் வர்ணனை மாதிரி கத்துகிறவர் வேண்டவே வேண்டாம்.

தம்பி இன்னும் என் கட்சிக்கு வந்துவிடவில்லை. "ஆறு மணி நேரம் யாருக்குங்ணா டேட்டா இருக்கு" என்கிறான். ஆனால் ரேஸ் ஓட்ட மோட்டார் பந்தயச் சங்கத்து லைசென்ஸுக்கு என்னென்ன வேண்டும் என்று விசாரித்துவைத்திருக்கிறான். லெதர் சூட் விலையைக் கேட்டு இரண்டு நாள் உம்மென்று இருந்தான், இப்போது பழைய சூட் எங்கேயாவது கிடைக்குமா என்று கோயம்புத்தூர் ஆட்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறான். அவன் முதலாளி, "ஓட்டறது அப்புறம், மொதல்ல அந்த ஸ்கூட்டர் கார்புரேட்டரைக் கழுவுடா" என்றார். என்னிடம் பழைய கேமரா ஒன்று சும்மாதான் கிடக்கிறது. இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும்போது எடுத்துப் போ, ரேஸை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, பரிசோதனையில் உன் வண்டியை எதற்காகத் திருப்பி அனுப்பினார்கள் என்பதை முழுசாக எடுத்துக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன். அதெப்படித் திருப்பி அனுப்புவார்கள் என்று அவனுக்குக் கோபம்.